சாட் பதிவுகளை என்ன செய்யலாம்? கல்லூரி நூலகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வாசகர்களோடு ஆறு ஆண்டுகள் நடத்திய சாட் உரையாடல்கள் குவிந்து கிடக்கின்றன. எங்கே தொடங்குவது?

பதில்: அழிப்பதில். பெயர், மின்னஞ்சல், அடையாள எண் எல்லாவற்றையும் நீக்கிய பிறகே படிக்க உட்காருங்கள். ஆய்வுத் தலைப்பையும் கவனியுங்கள். சில தலைப்புகளில் ஆய்வு செய்பவர் ஒரே ஒருவர்தான் இருப்பார், தலைப்பே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து, ஒரு பருவத்தின் பதிவுகள் போதும். ஆறு ஆண்டையும் அள்ள நினைத்தால் பாதியில் கைவிடுவீர்கள்.

கேள்வி: பதிவுகளில் எதைத் தேட வேண்டும்?

பதில்: வாசகரின் சொற்களை. "கட்டுரையைத் திறந்தால் பணம் கேட்கிறது" என்று எழுதுகிறார் ஒரு மாணவி. "வளாகத்துக்கு வெளியே இருக்கிறீர்களா?" "ஆமாம், வீட்டில்." நூலகர் உள்நுழையும் இணைப்பை அனுப்புகிறார், இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது. நல்ல பதில்தான். ஆனால் இதே உரையாடல் வாரந்தோறும் வந்தால் கோளாறு நம் இணையதளத்தில் இருக்கிறது. அங்கே "தொலைநிலை அணுகல்" என்று எழுதி வைத்திருக்கிறோம். வீட்டில் உட்கார்ந்து படிக்க நினைப்பவருக்கு அது தன்னைப் பற்றியது என்றே தெரியாது. "நூலகங்களுக்கிடையே கடன்" என்பதும் அப்படித்தான். "உங்களிடம் இல்லாத புத்தகம் எப்படிக் கிடைக்கும்?" என்றுதான் வாசகர் கேட்கிறார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் தம் ஐந்து நூலக விதிகளில் நான்காவதாக எழுதினார். பெயர்ப்பலகையை மாற்றுவதும் அதில் சேர்த்திதான்.

கேள்வி: கேள்விகளைத் தரம் பிரிக்க அளவுகோல் உண்டா?

பதில்: ரீட் அளவுகோல், 1 முதல் 6 வரை. நூலகம் எப்போது திறக்கும் என்பது 1. நாள்கணக்கில் தேட வைப்பது 6. அது அளப்பது நூலகரின் உழைப்பை. ஒரே ஐம்பது உரையாடல்களை இருவர் தனித்தனியாகத் தரம் பிரித்து ஒப்பிடுங்கள். எங்கே முரண்படுகிறீர்களோ அங்கே உங்கள் வரையறை தெளிவாக இல்லை.

கேள்வி: மொத்தத்தையும் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து வகைப்படுத்தலாமா?

பதில்: பெயர்களை நீக்கிவிட்டீர்களா?

கேள்வி: எந்த நூலகர் நன்றாகப் பதில் சொல்கிறார் என்று மதிப்பெண் போடலாமா?

பதில்: கூடாது.

அவரே மீண்டும்: ஏன்? அமெரிக்க நூலகச் சங்கத்தில் வாசகர் சேவைகளுக்கான ரூசா (RUSA) பிரிவு 1996-இலேயே நூலகரின் நடத்தைக்கு வழிகாட்டுதல் வகுத்ததே. வணக்கம்கூடச் சொல்லாமல் இணைப்பை வீசிவிட்டுப் போகிறவரை எப்படித் திருத்துவது?

பதில்: வழிகாட்டுதலை மறுக்கவில்லை. அந்த "வீசிய" பதிலின் நேரத்தைப் பார்த்தீர்களா? அதே நிமிடத்தில் அவர் இன்னும் இரண்டு பேருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்திருக்கலாம். பதிவு ஒரு சாளரத்தைத்தான் காட்டும்.

இன்னொருவர்: மதிப்பெண் வாங்கியவள் நான். "வேறு உதவி வேண்டுமா?" என்ற வரிக்கு மதிப்பெண் உண்டு என்றார்கள். பதில் தெரியாதபோதும் அதை ஒட்டி அனுப்பினோம்.

முதலாமவர்: அப்படியானால் யாரையும் எதுவும் கேட்கக்கூடாதா, ஐயா?

பதில்: கேட்கலாம். அவரவர் பதிவுகளில் பத்தை அவரவரே படிக்கட்டும். நான் என்னுடையதைப் படித்தேன். "இருக்கிறீர்களா?" என்று ஒரு மாணவர் மூன்று முறை கேட்டிருந்தார். பட்டியலில் தேடிக்கொண்டிருந்த நான், தேடுகிறேன் என்று ஒரு வரி எழுதவில்லை. அதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: பதிவுகளை எங்கே தொடங்கிப் படிப்பது?

பதில்: மேலே முதல் பதில்.

கேள்வி: எந்த சாட் மென்பொருள் வாங்கலாம்?

பதில்: அது என் துறை அல்ல. குறித்த நாளில் வாசகர் விவரங்களைத் தானாக அழிக்கும் வசதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.