அதிகாரத்தைப் பிரித்தார்களா, பங்கிட்டார்களா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் அரசியல் அறிவியல் படிக்கும் மாணவி. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு பற்றி எங்கள் பாடத்தில் இருப்பது இவ்வளவுதான்: காங்கிரஸ் சட்டம் இயற்றும், அதிபர் நடைமுறைப்படுத்துவார், உச்ச நீதிமன்றம் விளக்கம் சொல்லும். செய்திகளில் பார்ப்பதோ வேறு. அதிபர் ஆணைக்கு மேல் ஆணையாகக் கையெழுத்திடுகிறார். மக்கள் தேர்ந்தெடுக்காத ஒரு நீதிபதி அதை நிறுத்திவைக்கிறார். காங்கிரஸ் வாய் திறப்பதில்லை. அதிகாரப் பிரிவினை ஏட்டில் மட்டும்தானா? உண்மையில் யாருக்கு அதிகாரம் அதிகம்?

ம.

அன்புள்ள ம,

உங்கள் பாடம் சொல்வதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. பிரிவினை என்றதும், ஒரு வீட்டின் நடுவே சுவர் எழுப்பி ஆளுக்கொரு பகுதி கொடுத்ததுபோல நினைத்துக்கொள்கிறோம். 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் அரசியல் சாசனம் எழுதியவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒருவர் வேலைக்குள் இன்னொருவர் கையை வைத்தார்கள். சட்டம் இயற்றுவது காங்கிரஸ், ஆனால் அதிபர் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பலாம், இதற்குப் பெயர்தான் வீட்டோ. மறுத்துவிட்டால் அதை மீற, காங்கிரஸின் இரு அவைகளான பிரதிநிதிகள் சபை, செனட் இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு திரட்டியாக வேண்டும். நீதிபதியை நியமிப்பது அதிபர், சம்மதிக்க வேண்டியது செனட். படைகளுக்குத் தலைவர் அதிபர், அந்தப் படைகளுக்குப் பணம் ஒதுக்குவதும் போரை அறிவிப்பதும் காங்கிரஸ். அடுத்தவர் ஒத்துழைக்காமல் யாரும் பெரிய காரியம் எதையும் முடிக்க முடியாதபடி, தெரிந்தே செய்த ஏற்பாடு இது.

இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, எனக்குப் பிடித்த வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். ஜகதீஷ் ராய் சத்தா கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். 1966-இல் மாணவர் விசாவில் அமெரிக்கா வந்தார். 1972-இல் விசா முடிந்தது. அவரை நாடு கடத்துவதைக் குடியேற்றத் துறை நீதிபதி 1974-இல் நிறுத்திவைத்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அன்றைய சட்டம், காங்கிரஸின் ஏதாவது ஓர் அவை மட்டும் தீர்மானம் போட்டே அந்த முடிவை ரத்து செய்ய இடம் கொடுத்தது. 1975 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை அப்படி ஒரு தீர்மானம் போட்டது. 340 பேர் கொண்ட பட்டியலில் ஆறு பேரை மட்டும் பிரித்தெடுத்தார்கள். சத்தா அதில் ஒருவர். விவாதம் நடக்கவில்லை, யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவும் இல்லை.

சத்தா நீதிமன்றம் போனார். 1983-இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒருவருடைய உரிமையை மாற்றும் முடிவு சட்டத்துக்குச் சமம், அப்படியானால் அது இரு அவைகளையும் தாண்டி அதிபரின் மேசைக்கும் போக வேண்டும், ஓர் அவை தனியாக அதைச் செய்ய முடியாது என்றது. ஒரு தனி மனிதர் அரசின் மூன்று துறைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வெளியே வந்த கதை இது. படிக்கும்போதெல்லாம் எனக்கு நிறைவாக இருக்கும்.

அப்புறம் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. கிட்டத்தட்ட 200 சட்டங்களில் இதுபோன்ற பிடி இருந்தது என்று அந்தத் தீர்ப்பில் மாறுபட்ட நீதிபதி பைரன் ஒயிட் சுட்டிக்காட்டினார். அதிபருக்கு அதிகாரத்தைக் கொடுக்கும்போதே காங்கிரஸ் ஒரு கயிற்றைத் தன் கையில் வைத்துக்கொண்டிருந்தது. தீர்ப்பு அந்தக் கயிற்றை அறுத்தது, கொடுத்த அதிகாரமோ கொடுத்த இடத்திலேயே தங்கிவிட்டது. 1976-இன் தேசிய அவசரநிலைச் சட்டம் இதற்கு நல்ல உதாரணம். முதலில் இரு அவைகளும் தீர்மானம் போட்டாலே அதிபர் அறிவித்த அவசரநிலை முடிந்துவிடும். சத்தா வழக்குக்குப் பிறகு, 1985-இல் அதைத் திருத்தி, அந்தத் தீர்மானமும் அதிபரின் கையெழுத்துக்குப் போக வேண்டும் என்றாக்கினார்கள்.

2019-இல் மெக்சிகோ எல்லைச் சுவருக்கு அதிபர் டிரம்ப் கேட்ட தொகையைக் காங்கிரஸ் கொடுக்கவில்லை. வேறு வேலைக்கு ஒதுக்கிய பணத்தைச் சுவருக்குத் திருப்ப அவர் அவசரநிலை அறிவித்தார். அதை முடிக்கும் தீர்மானம் செனட்டில் 59-41 என்று நிறைவேறியது, அவருடைய கட்சிக்காரர்களே 12 பேர் ஆதரித்தார்கள். அவர் அதை வீட்டோ செய்தார். வீட்டோவை மீறப் பிரதிநிதிகள் சபையில் மறுபடி வாக்கெடுத்தபோது 248-181. பெரும்பான்மைதான், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வரவில்லை. கஜானா சாவி காங்கிரஸிடம் என்று சாசனம் சொல்கிறது. அதே காங்கிரஸின் பெரும்பான்மை வேண்டாம் என்றும் அவசரநிலை நீடித்தது.

சத்தா தீர்ப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. சாசனத்தின்படி அது சரி. கயிறு போன பிறகாவது, கொடுக்கும் அதிகாரத்துக்குக் காலக்கெடு வைத்து, அதற்குள் தான் ஒப்புதல் தராவிட்டால் அது தானாகக் காலாவதியாகும்படி அவசரநிலைச் சட்டத்தைக் காங்கிரஸ் மாற்றியிருக்கலாம். செய்யவில்லை. அதனால்தான் ஏட்டில் யாருக்கு அதிகாரம் என்று கேட்டால் காங்கிரஸுக்கு என்பேன், நடைமுறையில் அதிபருக்கு என்பேன். அவர் பிடுங்கிக்கொண்டதைவிடக் காங்கிரஸ் விட்டுக்கொடுத்தது அதிகம். கடினமான வாக்கெடுப்பைத் தள்ளிப்போட உறுப்பினர்களுக்கு அது வசதி. இது என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துகிறது.

ஏனென்றால் இந்த ஏற்பாடு முழுக்க ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: ஒவ்வொரு துறையில் இருப்பவரும் தன் துறையின் உரிமையைத் தன் உரிமையாக நினைத்துக் காப்பார். சாசனத்தை வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான ஜேம்ஸ் மேடிசன் அப்படித்தான் எதிர்பார்த்தார். கட்சி விசுவாசம் அதை இந்த அளவுக்கு விழுங்கும் என்று கணக்கில் எடுக்கவில்லை. நம்பிக்கை பலித்த காலமும் உண்டு. 1937-இல் அதிபர் ரூஸ்வெல்ட் உச்ச நீதிமன்றத்தில் கூடுதலாக ஆறு நீதிபதிகள் வரை நியமிக்க வழி தேடினார். செனட்டில் அவர் கட்சிக்கு நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இடங்கள் இருந்தன. ஆனாலும் அந்தச் செனட்தான் 70-20 என்று மசோதாவைக் குழுவுக்கே திருப்பி அனுப்பிப் புதைத்தது.

சரி, தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதி. அவரிடம் படையும் கிடையாது, பணமும் கிடையாது. அவர் எழுதியதை அதிபர் ஏற்பதால்தான் அது தீர்ப்பாகிறது. 1952-இல் கொரியப் போரின்போது எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வரப்போகிறது என்று அதிபர் ட்ரூமன் அவற்றை அரசின் கையில் எடுத்தார். சட்டம் எதுவும் அதற்கு அனுமதி தரவில்லை. ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளுமே ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ நியமித்தவர்கள். தீர்ப்பு தவறு என்பதே ட்ரூமனின் கருத்து. ஆனாலும் அன்றைக்கே ஆலைகளை முதலாளிகளிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அவர் அஞ்சிய வேலைநிறுத்தம் உடனே தொடங்கி, ஏழு வாரத்துக்கு மேல் நீடித்தது.