இரும்புப் பெட்டி நகர, தரை பிழைக்க: கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் கனமான சாமான்களை இடம் மாற்றித் தருவது என் தொழில். தரை கெடாமல் நகர்த்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

காரைக்குடியிலிருந்து ஓர் ஆச்சி: பங்கு பிரித்ததில் அப்பத்தாவின் இரும்புப் பெட்டி எங்களுக்கு வந்திருக்கிறது. 400 கிலோவாவது இருக்கும். வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டிலிருந்து முகப்புக்குக் கொண்டுவர வேண்டும். நடுவில் இருக்கும் முற்றப் பகுதியான வளவில் இப்போதுதான் ஆத்தங்குடிக் கல் (வண்ணச் சிமெண்டுத் தரை ஓடு) பதித்தோம். பெட்டிக்கு அடியில் நான்கு இரும்புச் சக்கரங்கள் இருக்கின்றன. அப்படியே தள்ளிவிடலாமா?

கூடவே கூடாது, ஆச்சி. பெட்டி நான்கு சக்கரத்தில் நின்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 100 கிலோ. அது தரையைத் தொடும் இடமோ விரல் நுனி அளவுதான். ஆத்தங்குடிக் கல் சூளையில் வெந்தது அன்று. கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. வண்ணம் மேலே மெல்லிய அடுக்காக மட்டுமே இருக்கும்; சக்கரம் கீறினால் நேராகச் சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும்.

கல் பதித்து ஒரு மாதம் ஆகவில்லை என்றால் பெட்டியைத் தொடவே வேண்டாம். சிமெண்டுக் கலவை முழு பலம் பெற 28 நாள் என்பது கட்டட வேலையில் பொதுக் கணக்கு. முகூர்த்தம் பார்த்தாயிற்று என்று அவசரப்படுகிறவர்கள் முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கலாம்.

நாள் வந்ததும் பெட்டியைக் காலி செய்து, இழுப்பறைகளைக் கழற்றிவிடுங்கள். கதவைப் பூட்டிக் கயிற்றால் கட்டுங்கள். கதவு நல்ல கனம். பாதி வழியில் அது திறந்துகொண்டால் பெட்டி முன்பக்கம் சாயும். தரையைப் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, காயவிடுங்கள். ஒரு மணல் பருக்கை இருந்தாலும் மேலே விரித்தது அதை அழுத்தித் தேய்க்கும். பிறகு ஜமக்காளம், அதன்மேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு அடுக்கு. கீழ்ப்பலகையின் இணைப்புக்கு நேராக மேற்பலகையின் இணைப்பு வரக்கூடாது.

கடப்பாரையால் நெம்பும்போது முட்டுக்கட்டை பலகையின் மேல் இருக்கட்டும், கல்லின் மேல் வேண்டாம். சக்கரங்கள் தொங்கும்படி பெட்டிக்கு அடியில் இரண்டு கனமான மரச்சட்டங்களைக் கொடுத்து, சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் குறுக்காக நான்கு இரும்புக் குழாய்களை இடுங்கள். பின்னால் வெளிவரும் குழாயை எடுத்து முன்னால் போட வேண்டும், பெட்டி நின்ற பிறகுதான். ஓடும்போது எடுக்கப்போனால் விரல் போய்விடும். நிலைப்படி வரும் இடத்தில் படியின் உயரத்துக்குப் பலகைச் சரிவு அமையுங்கள். நிலையின் செதுக்கு வேலைப்பாட்டைப் பழைய மெத்தையால் மூடிக் கட்டுங்கள்.

“நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம்” என்று மைத்துனர்கள் யாராவது வீராப்புப் பேசினால் அவர்களைக் காபி வாங்க அனுப்பிவிடுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து: சில கற்களைத் தட்டினால் ‘டொக் டொக்’ என்கிறது. அவற்றின் மேல் நகர்த்தலாமா?

அடியில் கலவை நிரம்பாமல் வெற்றிடம் இருக்கிறது. சுற்றி நல்ல கற்களில் ஊன்றி நிற்குமாறு கனமான பலகையைப் பாலம்போல் போட்டுத் தாண்டுங்கள். வழி முழுவதையும் முதலிலேயே தட்டிப் பார்த்துச் சுண்ணக்கட்டியால் குறி வைத்துக்கொள்வது நல்லது.

தேவகோட்டையிலிருந்து: பீரோ நின்ற இடத்தில் துருக்கறை. ஆசிட் ஊற்றினால் போகும் என்கிறார்கள்.

கறையோடு கல்லின் வண்ணமும் போகும். சிமெண்டை அமிலம் தின்றுவிடும். எலுமிச்சையும் புளியும்கூட ஆகாது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்தபின் துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். ஊறிப்போன துரு அதற்கும் மசியாது. கல்லை மாற்றுவதானால், புதுக்கல்லின் நிறம் பழையதோடு ஒட்டாது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் பழைய கல் ஒன்றைப் பெயர்த்து இங்கே வைத்து, புதியதைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிடுங்கள்.

பள்ளத்தூர்க்காரர், இப்போது நியூ ஜெர்சியில்: புது மரத்தரை போட்டிருக்கிறோம். அறையைச் சூடாக்கும் 150 கிலோ வார்ப்பிரும்பு ரேடியேட்டரைத் திரும்ப வைக்க வேண்டும்.

தம்பி, பலகை, குழாய் முறையெல்லாம் அங்கும் அதேதான். மரத்தில் கூடுதல் கவனம் மூன்று இடத்தில். தண்ணீரை முழுக்க வடித்து, இரண்டு வாய்களையும் அடைத்துவிடுங்கள். உள்ளே தங்கிய கறுப்புத் தண்ணீர் ஒழுகினால் மரம் குடித்துவிடும். ரப்பர் விரிப்பை மெருகின் மேல் போடாதீர்கள், கறை பிடிக்கும். ஒட்டுநாடாவைப் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் மட்டும் ஒட்டுங்கள். தரையில் ஒட்டினால் உரிக்கும்போது புதுமெருகும் கூட வரும். மெருகு போட்டு எத்தனை நாளில் கனம் வைக்கலாம் என்பது அதன் டப்பாவில் இருக்கும். ரேடியேட்டரை நிற்கும் நிலையிலேயே கொண்டுபோங்கள். படுக்கவைத்துத் தூக்கினால் இணைப்புகள் தளரும்.

காரைக்குடியிலிருந்து இன்னொருவர்: ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு போகலாமா?

உருட்டினால் அது போகிற திசை உங்கள் கையில் இல்லை. குழவியைத் தனியாக எடுத்துவிட்டு, சாக்கு சுற்றிய பழைய டயரில் கல்லை உட்காரவைத்து, அதை ஜமக்காளத்தின் மேல் வைத்து இழுங்கள்.