மட்டக்களப்பில் இருந்துகொண்டு பழைய ரீவி கேம்களை இன்றைய கன்சோலில் தரவிறக்க முடியுமா? வாங்கினால் அவை நமக்கே சொந்தமா?

காத்தான்குடியிலிருந்து ஒரு சகோதரர் இக்கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவர் தம் பிள்ளைகளுக்காக நின்டெண்டோ சுவிட்ச் ஒன்று வாங்கியிருக்கிறார். தாம் சிறுவயதில் விளையாடிய மாரியோ, கொன்ட்ரா, தாங்கிச் சண்டை முதலியவற்றை அதில் தரவிறக்க முடியுமா, காசு கொடுத்துத் தரவிறக்கினால் அவை என்றைக்கும் தம்முடையவையாக இருக்குமா என்பவை அவருடைய ஐயங்கள். தரவிறக்கலாம், என்றைக்கும் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. கல்லடியில் எங்கள் வீட்டில் இதே வேலையை மூன்று வருடமாகச் செய்துவருகிறேன் என்பதால், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் நம் பக்கத்துக் கடைகளில் "ரீவி கேம்" என்ற பெயரில் கிடைத்த பெட்டி நின்டெண்டோ செய்ததன்று. 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வெளிவந்த ஃபாமிகொம் என்ற கன்சோலைப் பார்த்து வேறு தொழிற்சாலைகள் செய்து மலிவாக விற்ற நகல் அது. அதற்குரிய மஞ்சள் கசெற்றின் மேல் "9999 இன் 1" என்று ஒட்டியிருக்கும். பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டே போனால் அதே பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகள்தாம் வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். திரையில் ஒன்றும் வராவிட்டால் கசெற்றைக் கழற்றி, அடிப்பக்கத்தில் வாயால் ஊதி, மறுபடியும் செருகுவோம். ஊதியதால் அது வேலை செய்யவில்லை. கழற்றிச் செருகும்போது தொடுமுனைகள் சரியாகப் பொருந்தியதால்தான் வேலை செய்தது, ஊதிய ஈரம் அந்த முனைகளைக் காலப்போக்கில் கெடுக்கவே செய்தது. இதைச் சொன்னால் என் தம்பி இன்றும் ஒத்துக்கொள்வதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வீட்டுக்குள் வந்தபோது எங்கள் பெட்டியும் கசெற்றுகளும் போய்விட்டன. ஆகவே பழைய பெட்டியைத் திருத்தி எடுக்கும் வழி எங்களுக்கு இருக்கவில்லை; தரவிறக்கம் ஒன்றே மிஞ்சியது.

நகல் பெட்டி என்பதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அந்தக் கசெற்றுகளில் இருந்த சில விளையாட்டுகள், அசலை எடுத்து யாரோ மாற்றியமைத்தவை. நீங்கள் தாங்கிச் சண்டை என்று குறிப்பிடும் விளையாட்டின் அசல், நம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட பேட்டில் சிட்டி ஆகும்: செங்கல் சுவர்களுக்கு நடுவே கழுகுச் சின்னம் ஒன்று இருக்கும், எதிரித் தாங்கிகள் அதை உடைத்துவிடாமல் இருவர் சேர்ந்து காக்க வேண்டும், மொத்தம் 35 கட்டங்கள். எங்கள் கசெற்றில் இருந்த பதிப்பிலோ படகுச் சின்னம் ஒன்று வரும். அதை எடுத்த தாங்கி தண்ணீரின் மேலேயே போகும். அசலை முதன்முதலாகத் தரவிறக்கிய இரவில் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த தம்பி அரை மணித்தியாலம் விளையாடிவிட்டு, "அக்கா, வாவியக் கடக்கிற படகு எங்க?" என்று கேட்டான். படகு அசலில் கிடையாது. அதிகாரபூர்வக் கடையில் கிடைப்பது எப்போதும் அசல்தான் என்பதால், உங்கள் நினைவில் இருப்பதும் திரையில் வருவதும் சில இடங்களில் ஒத்துப்போகா. (அந்த விளையாட்டை அம்மாவுக்கு அறவே பிடிக்காது. "வெளியில வெடிக்கிறது காணாதா, வீட்டுக்குள்ளயும் வேணுமா?" என்பார். அந்தக் காலத்தில் அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.)

இனித் தரவிறக்கத்துக்கு வருவோம். டேட்டா எவ்வளவு போகும் என்ற கவலையை விட்டுவிடுங்கள். 1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் வெறும் 40 கிலோபைட். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்தோடு வரும் தாமரைப் பூப் படம் பெரும்பாலும் அதைவிடப் பெரியதாக இருக்கும். இன்றைய கன்சோலில் அதை இயக்கிக் காட்டும் செயலியும் சேர்ந்து வருவதால் தரவிறக்கம் சற்றுக் கூடுமேயன்றி, புதிய விளையாட்டுகளைப் போலப் பல கிகாபைட்டுகளை விழுங்காது. நீங்கள் யோசிக்க வேண்டியது எந்த வழியால் தரவிறக்குவது என்பதைத்தான்.

முதல் வழி சந்தா. நின்டெண்டோ சுவிட்ச் ஒன்லைன் என்ற சேவையில், தனியாளுக்கு அமெரிக்கக் கடை விலைப்படி வருடத்துக்கு 19.99 டொலரும், எட்டுக் கணக்குகள்வரை சேரக்கூடிய குடும்பச் சந்தாவுக்கு 34.99 டொலரும் கட்டினால், பழைய விளையாட்டுகளின் தொகுப்புச் செயலிகளைத் தரவிறக்கலாம். 2018 செப்டெம்பரில் 20 ஃபாமிகொம் விளையாட்டுகளுடன் தொடங்கிய இத்தொகுப்பில், அதே நிறுவனத்தின் பிற்காலக் கன்சோல்களான சூப்பர் நின்டெண்டோவின் விளையாட்டுகள் மறுவருடமும் கேம் போயின் விளையாட்டுகள் 2023இலும் சேர்ந்தன. நின்டெண்டோ 64, சேகா மெகா டிரைவ் ஆகிய கன்சோல்களின் விளையாட்டுகளுக்கு 49.99 டொலர் மேல்நிலைச் சந்தா தேவை. சிறுவயதில் நம் வீடுகளில் அவற்றை யாரும் கண்டதில்லை என்பதால் அதற்குக் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எந்த இடத்திலும் நிறுத்திச் சேமித்துக்கொள்ளும் வசதியும், இசட்.எல்., இசட்.ஆர். பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் செத்த இடத்திலிருந்து சில கணங்கள் பின்னோக்கிப் போகும் வசதியும் இச்சந்தாவில் உண்டு. ஆனால் சந்தா முடிந்த அன்றே, கன்சோலில் இறங்கியிருப்பவை உட்பட எல்லாம் திறக்க மறுத்துவிடும். சந்தா இருக்கும்போதுகூட ஏழு நாளுக்கு ஒரு தடவையாவது கன்சோல் இணையத்தைத் தொட்டிருக்க வேண்டும். மாரி மழையில் எங்கள் ஒழுங்கையில் இணைய இணைப்பு ஒன்பது நாள் இல்லாதுபோனபோதுதான் இது எனக்குத் தெரியவந்தது. கைப்பேசியின் ஹொட்ஸ்பொட்டை ஒரு நிமிடம் கொடுத்தவுடன் சரியாகிவிட்டது.

இரண்டாவது வழி, தொகுப்பாகவோ தனியாகவோ விலைக்கு வாங்குவது. நீங்கள் கேட்டிருப்பவற்றுள் மாரியோ மட்டுமே சந்தாவுக்குள் வரும். மற்ற இரண்டும் இந்த வழியில்தான் எங்களுக்குக் கிடைத்தன. கொனாமி நிறுவனம் 2019இல் வெளியிட்ட கொன்ட்ரா அனிவர்சரி கலெக்‌ஷனில், 1988இன் வீட்டுக் கன்சோல் பதிப்பு அப்படியே இருக்கிறது. மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தினால் முப்பது உயிர் கிடைக்கும் வித்தை அந்தப் பதிப்புக்கே உரியது. அதை முதன்முதலில் புகுத்தியவர் கசுஹிசா ஹஷிமோட்டோ என்ற கொனாமி நிரலாளர். 1986இல் கிரேடியஸ் என்ற விளையாட்டை வீட்டுக் கன்சோலுக்கு மாற்றியபோது, பரிசோதித்துப் பார்க்கத் தமக்கே அது மிகக் கடினமாக இருந்ததால் இக்குறுக்கு வழியை வைத்தார். பேட்டில் சிட்டியோ 2020இல் வந்த நம்கோ மியூசியம் ஆர்கைவ்ஸ் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. இவ்விரண்டு தொகுப்புகளும் தலா 19.99 டொலர், ஆயினும் அவ்வப்போது கழிவு விலைக்கு வரும், பொறுத்திருந்து வாங்குவதே நல்லது. இவை தவிர, ஜப்பானின் ஹம்ஸ்டர் நிறுவனம் ஆர்கேட் ஆர்கைவ்ஸ் என்ற வரிசையில் பழைய ஆர்கேட் விளையாட்டுகளை (கடைகளில் காசு போட்டு விளையாடும் பெரிய பெட்டிகளில் இருந்தவை) வாரம் ஒன்றாக, பெரும்பாலும் 7.99 டொலருக்கு வெளியிட்டுவருகிறது. மேற்சொன்ன தொகுப்புகளும் இவ்வரிசையும் பிளேஸ்டேஷனிலும் கிடைக்கும்.

வாங்கியது சந்தாவைப் போல வருட முடிவில் பறிபோகாது. ஆனாலும் நீங்கள் வாங்குவது அந்த விளையாட்டைப் பாவிப்பதற்கான அனுமதியை மாத்திரமே. கடை மூடப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு முன்னுதாரணங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 2006இல் வந்த நின்டெண்டோவின் வீ கன்சோலில் பழைய விளையாட்டுகளை ஒவ்வொன்றாக விற்ற கடை 2019 ஜனவரி 30 அன்று மூடப்பட்டது. அதே நிறுவனத்தின் வீ யூ, 3டிஎஸ் ஆகிய கன்சோல்களின் கடைகளில் 2023 மார்ச் 27இன் பின் எதையும் வாங்க முடியாமல் போயிற்று. மைக்ரோசொஃப்ட்டின் எக்ஸ்பொக்ஸ் 360 கன்சோலின் கடைக்கு 2024 ஜூலை 29 இறுதி நாள். முன்பே வாங்கியவர்களுக்கு மறுபடி தரவிறக்கும் வசதியை விட்டுவைத்தார்கள் என்றாலும், வீ யூ, 3டிஎஸ் கடைகளில் வாங்கியதைச் சுவிட்சுக்குக் கொண்டுபோக நின்டெண்டோ விடவில்லை. அதே மாரியோவுக்கு மூன்று தடவை காசு கொடுத்தவர்கள் உலகில் நிறையப் பேர். மூடிய கடைகளில் மட்டுமே இருந்து, வேறெங்கும் விற்பனைக்கு வராத விளையாட்டுகளும் பல. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று சந்தையில் இல்லை என்று, அந்நாட்டின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. எனவே வாங்கியதை அன்றே தரவிறக்கி, இடம் போதாது என்று நீக்காமல் வைத்திருங்கள். 40 கிலோபைட் விளையாட்டை நீக்கி யாரும் இடம் மிச்சப்படுத்தியதில்லை.

இலங்கைக்கென்று தனியான நின்டெண்டோக் கடை கிடையாது. நம்மவர்கள் வேறு நாட்டுக் கடையில் அந்நாட்டுப் பணமதிப்பில் பரிசுக் குறியீடு (முன்பணம் கட்டிப் பெற்று, கணக்கில் பதியும் இலக்கம்) வாங்கித்தான் பாவிக்கிறார்கள். குறியீடும் கணக்கின் நாடும் ஒன்றாக இல்லாவிட்டால் அது ஏற்கப்படாது. என் கணக்கைத் திறக்கும்போதே தம்பியின் நாட்டைப் போட்டுவிட்டதால் அவனே அங்கிருந்து குறியீட்டை வாங்கி அனுப்பிவிடுகிறான். எப்படிச் செய்தாலும் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். நான் முதலில் கொழும்பில் ஒரு கடையில் பாவித்த கன்சோல் ஒன்றை, "பழைய கேம் எல்லாம் உள்ளேயே இருக்கு" என்ற பேச்சை நம்பி வாங்கினேன். அவை யாரோ ஒருவருடைய கணக்கில் வாங்கப்பட்டவை. இரண்டு மாதத்தில் அந்தக் கணக்கு வெளியேற, விளையாட்டுகளின் படங்கள் மட்டும் திரையில் வரிசையாக நின்றன; ஒன்றும் திறக்கவில்லை. கடைக்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை. கன்சோலின் மென்பொருள் பூட்டை உடைத்துக் களவுப் பிரதிகளை ஏற்றித் தருகிறோம் என்பவர்களிடமும் போகாதீர்கள். அது சட்டவிரோதம் என்பதோடு, கண்டுபிடிக்கப்பட்டால் அந்தக் கன்சோலை ஒன்லைன் சேவையிலிருந்தே விலக்கிவிடுவார்கள்.

தரவிறக்கி முடித்து முதன்முறை விளையாடும்போது எல்லாம் வேகமாக ஓடுவதுபோல உங்களுக்குத் தோன்றக்கூடும். எனக்கும் தோன்றியது, வயது போய்க் கை தளர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். நம் நாட்டின் பழைய தொலைக்காட்சி முறையில் படம் செக்கனுக்கு 50 தடவை புதுப்பிக்கப்பட்டது. அதற்கேற்பச் செய்யப்பட்ட நகல் பெட்டிகளில் மாரியோ ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடினார். இன்று தரவிறக்குவது ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்ததைப் போல 60 தடவை ஓடுகிறது. அதனுடன், புதிய எல்.இ.டி. தொலைக்காட்சிகள் படத்தை மெருகேற்றக் கொஞ்சம் நேரம் எடுப்பதால் பொத்தானை அழுத்துவதற்கும் பாய்வதற்கும் இடையே ஒரு தாமதம் வரும். தொலைக்காட்சியின் அமைப்பில் கேம் மோட் என்பதைப் போட்டால் அது பெரிதும் குறையும். படத்தை அகலமாக இழுக்காமல் பழைய 4:3 அளவிலேயே விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மாரியோ தொப்பையோடு ஓடுவார்.

நீங்கள் கேட்காவிட்டாலும் பிள்ளைகள் கேட்பார்கள் என்பதால் துப்பாக்கியால் வாத்துச் சுடும் விளையாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விசையை அழுத்திய கணத்தில் திரை கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் ஒன்று மின்னும். துப்பாக்கியின் உள்ளே இருக்கும் ஒளியுணரி அதைக் கண்டால் வாத்து விழும். குழாய்த் தொலைக்காட்சியின் உடனடி ஒளியை நம்பிச் செய்த அந்தத் துப்பாக்கி இன்றைய திரைகளில் வேலை செய்யாது. எங்காவது பழைய துப்பாக்கி விலைக்கு வந்தால் வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கியது அலுமாரியின் மேல் கிடக்கிறது.

சந்தாவை நான் இன்னும் நிறுத்தாமல் இருப்பதற்கு ஒரே காரணம், அதிலுள்ள பழைய விளையாட்டுகளை இரு நாடுகளில் இருப்பவர்கள் சேர்ந்து விளையாடலாம் என்பதே. ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு இங்கே நான் உட்கார்ந்தால் டொரொன்டோவில் தம்பிக்கு, அவர்களுடைய கோடைக்காலமென்றால் காலை பத்தரை மணி. இருவரும் பலூன் ஃபைட் போடுவோம். இணைப்பு சில வேளைகளில் திக்கும், அப்போது யார் பலூனை யார் உடைத்தார்கள் என்பதில் தகராறு வரும். வேகத் தடங்கலால்தான் தோற்றேன் என்று அவன் சொல்வான், கசெற்றை ஊதிவிட்டு வா என்று நான் சொல்வேன்.