பேட்டரி சைக்கிள் மிதித்தால் அது உடற்பயிற்சி ஆகுமா?

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு வயது 62. ஆலங்குடி பக்கம் ஒரு கிராமம். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 1992-இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில்தான் சைக்கிள் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு இருபத்தைந்து வருடம் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வந்தேன். முழங்கால் வலி வந்ததால் ஏழு வருடமாகத் தொடவில்லை. இரண்டு மூட்டிலும் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். பிரஷருக்கு ஒரு மாத்திரை. எடை 71 கிலோ. நடக்கச் சொல்கிறார்கள், அரை கிலோமீட்டரிலேயே கால் கெஞ்சுகிறது. திருப்பூரில் இருக்கும் மகள் பேட்டரி சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்கிறாள். மாப்பிள்ளையோ, "மோட்டார்தானே ஓட்டப்போகுது, இதுல என்ன எக்சர்சைஸ்?" என்கிறார். விழுந்து இடுப்பு ஒடிந்தால் என்ன செய்வது என்று என் வீட்டுக்காரர் பயப்படுகிறார். ஊரும் சிரிக்குமோ என்று இருக்கிறது. என்ன செய்யட்டும்?

– வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. வாங்குவதற்கு முன் சில பரிசோதனைகள் வேண்டும். வாங்கிய பிறகு, கைக்குப் பழகிப்போன ஒரு பழைய வழக்கத்தை விட வேண்டும். இரண்டையும் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் ஊர் சிரிப்பதைப் பற்றி. நீங்கள் சைக்கிள் கற்ற நாட்களில் நான் தஞ்சாவூரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்குப் புதுக்கோட்டை பக்கம் வரும்போதெல்லாம் மாலை நேரங்களில் பள்ளி மைதானங்களில் பெண்கள் விழுந்து எழுந்து பழகுவதைப் பார்த்திருக்கிறேன். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுத்தரச் செய்தார். ஏறக்குறைய ஒரு லட்சம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு வந்த பேச்சும் கேலியும் எவ்வளவு என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதைத் தாண்டி வந்தவர் நீங்கள். உங்கள் வயதை ஒட்டிய அந்தத் தலைமுறைப் பெண்கள் இப்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வரும்போது, "சைக்கிளை ஏன் விட்டீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். அதனால் உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த சந்தோஷம் தந்தது.

சரி, மாப்பிள்ளையின் கேள்விக்கு வருவோம். நம் ஊர்க் கடைகளில் விற்கும் பேட்டரி சைக்கிள் பெரும்பாலானவற்றில் இரண்டு விதமாக மோட்டாரை இயக்கலாம். ஒன்று, மொபெட் போலக் கைப்பிடியைத் திருகுவது. அப்போது கால் சும்மா இருக்கும், வண்டி தானாகப் போகும். அப்படி ஓட்டினால் மாப்பிள்ளை சொல்வது முழுக்கச் சரி. இன்னொன்று, நீங்கள் மிதித்தால் மட்டும் மோட்டார் கை கொடுப்பது. மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். எவ்வளவு உதவி வேண்டும் என்று ஒன்று, இரண்டு, மூன்று என நிலைகள் வைத்துக்கொள்ளலாம். நான் வாங்கச் சொல்வது இந்த இரண்டாவது முறைக்காகத்தான். கைப்பிடியைத் திருகுவது, வழியில் கால் முடியாமல் போனால் வீடு வந்து சேர்வதற்கு மட்டும் இருக்கட்டும்.

மோட்டார் உதவியோடு மிதித்தாலும் உடல் வேலை செய்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் சக்தியை ஒரு பங்கு என்று வைத்தால், வேகமாக நடக்கும்போது மூன்று, நான்கு பங்கு ஆகும். மின்சைக்கிளைக் காலால் மிதித்துப் போகும்போது நான்கிலிருந்து ஆறு பங்கு வரை ஆகும். சாதாரண சைக்கிளைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் ஐரோப்பாவின் ஏழு நகரங்களில் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வாரக் கணக்கில் பார்த்தால் மின்சைக்கிள்காரர்களும் சாதாரண சைக்கிள்காரர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் உழைக்கிறார்கள் என்று கண்டது. மின்சைக்கிள் வைத்திருப்பவர்கள் அதிக தூரம் போகிறார்கள், அவ்வளவுதான் காரணம். அதே ஆண்டு இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 50 முதல் 83 வயது வரையானவர்களை எட்டு வாரம் சைக்கிள் ஓட்டவைத்துப் பார்த்தார்கள். மின்சைக்கிள் ஓட்டியவர்களுக்கும் யோசித்து முடிவெடுக்கும் திறனிலும் மனநலத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. வெளியே போனோம், நாலு பேரைப் பார்த்தோம் என்பதும் அதில் ஒரு பங்கு என்று நான் நினைக்கிறேன். ஆடிக் காற்றை எதிர்த்து மிதிக்க முடியாது, திரும்பி வர முடியுமோ என்று பயம் – இந்த இரண்டு காரணத்துக்காக வீட்டில் நிற்கும் சைக்கிள்கள் எத்தனை! மோட்டார் போக்குவது அந்தப் பயத்தை.

உங்கள் முழங்காலுக்கு நடையைவிட இது நல்லது என்றே சொல்வேன். நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் முழங்காலில் இறங்குகிறது. உங்கள் 71 கிலோவுக்கு அது 140 கிலோவுக்கு மேல். சைக்கிளில் உடம்பைச் சீட் தாங்கிக்கொள்வதால், மிதமாக மிதிக்கும்போது பாரம் ஏறக்குறைய ஒரு மடங்கோடு நின்றுவிடுகிறது. மூட்டு மடங்கி நீளும்போது உள்ளே இருக்கும் திரவம் குருத்தெலும்புக்கு ஊட்டம் கொண்டுபோகிறது. முன்தொடைத் தசை வலுக்கிறது. அந்தத் தசை வலுத்தால் மூட்டு வலி குறையும் என்பது என் நோயாளிகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது.

ஆனால் சீட்டைத் தாழ்வாக வைத்து மிதித்தால் கதை மாறிவிடும். கால் அதிகம் மடங்க மடங்க, முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். ஏழு வருடம் கழித்து ஏறுவதால், முதல் இரண்டு வாரம் இரண்டு பாதமும் தரையில் படும்படி தாழ்த்தியே வைத்துக்கொள்ளுங்கள். தைரியம் வந்த பிறகு, ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் கனம் ஏற்றிக்கொண்டே போங்கள். அழுத்தி மெதுவாக மிதிப்பதைவிட, இலகுவாக வேகமாகச் சுற்றுவது மூட்டுக்கு நல்லது. கியர் இருந்தால் லேசான கியரில் போங்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரரின் பயம். அது வீண் பயம் இல்லை. சைக்கிள் நாடு என்று பேர் வாங்கிய நெதர்லாந்தில் 2017-இல் சாலை விபத்துகளில் 206 சைக்கிள்காரர்கள் இறந்தார்கள். காரில் சென்று இறந்தவர்கள் 201 பேர்தான். மின்சைக்கிளில் இறந்தவர்களில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். வயதானவர்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் நிற்கும்போதும் விழுவது நிறைய உண்டு.

நான் விடச் சொன்ன பழைய வழக்கம் இதுதான். இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையை உந்தி உந்தி ஓடவிட்டு ஏறுவோமே, அது இனி வேண்டாம். மோட்டார் ஆன் ஆகியிருக்கும்போது பெடல் கொஞ்சம் சுற்றினாலே வண்டி முன்னால் பாயும். நீங்கள் பாதி ஏறிய நிலையில் இருப்பீர்கள். நின்ற இடத்தில், இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உள்ளே காலை வைத்து, சீட்டில் உட்கார்ந்த பிறகே மிதியுங்கள். பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் தானாக நின்றுவிடும் அமைப்பு பெரும்பாலான வண்டிகளில் உண்டு. கடையிலேயே ஓட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள். இறங்கும்போதும் முழுக்க நின்று, ஒரு கால் தரையில் ஊன்றிய பிறகே எழுந்திருக்க வேண்டும். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மோட்டாரை அணைத்த நிலையிலேயே ஏறி இறங்குவதை ஒரு ஐம்பது தடவை பழகுங்கள். ரோட்டுக்குப் போவது அதற்கு அப்புறம்தான்.

அந்த நாட்களில் லேடீஸ் சைக்கிள் போதாமல் உங்களில் பலர் பார் வைத்த சைக்கிளிலேயே கற்றீர்கள். இப்போது அது வேண்டாம். காலைத் தூக்கிப் போடாமல் உள்ளே வைத்து ஏறும்படி, நடுவில் நன்றாகத் தாழ்ந்த சட்டம் உள்ள வண்டியையே கேளுங்கள். கடையில் இன்னொன்றும் பாருங்கள். மின்சைக்கிள்களில் பலவற்றுக்குச் செயின் கார்டு கிடையாது, பின்சக்கரத்தில் சேலை தடுப்பும் கிடையாது. இரண்டையும் மாட்டித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு கடை பாருங்கள். தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகுங்கள், முடிந்தால் சுடிதார் போடுங்கள். ஹெல்மெட் கட்டாயம். வண்டி 20 கிலோவுக்கு மேல் இருக்கும், திண்ணை மேல் தூக்கி வைக்கப் பார்க்காதீர்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் சார்ஜ் போடும் வகை வசதி. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் லைசென்ஸ், பதிவு எதுவும் தேவையில்லை. உங்களுக்கு 15 கிலோமீட்டர் வேகமே போதும்.

வாங்குவதற்கு முன் என்று சொன்னேனே, அதில் முதல் சோதனையை இன்றைக்கே வீட்டில் செய்யலாம். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்று, ஒற்றைக் காலில் பத்து வினாடி நிற்க முடிகிறதா பாருங்கள். தடுமாறினால் மேடையைப் பிடித்துக்கொள்ளலாம். முடியவில்லை என்றால், ஒரு மாதம் தினமும் அதையே பயிற்சியாகச் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்தது, செருப்பு கழன்றது தெரியாமல் நடந்திருக்கிறீர்களா? பாதத்தில் பஞ்சு மேல் நடப்பது போல் இருக்கிறதா? ஒன்பது வருடச் சர்க்கரையில் பாத நரம்பு மந்தமாகியிருக்க வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் பெடலில் பாதம் எங்கே இருக்கிறது என்றே சரியாகத் தெரியாது. டாக்டரிடம் காட்டாமல் ஏறக் கூடாது. கண்புரையும் விழித்திரையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு இ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த ஒரு வருடத்தில் காரணமில்லாமல் விழுந்திருந்தாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் சாப்பிடும் கிளிமிபிரைடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்ந்து போவது அபூர்வம். கிளிமிபிரைடு தாழ்த்தும்; உடற்பயிற்சியும் சேர்ந்தால், ஓட்டி முடித்துப் பல மணி நேரம் கழித்துக்கூடத் தாழ்த்தும். ஆகவே வெறும் வயிற்றில் ஓட்டாதீர்கள். காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு, அரைமணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். முந்தானையில் மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பலர் கடலை மிட்டாய் வைத்திருக்கிறார்கள். அதிலிருக்கும் கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும், அவசரத்துக்கு உதவாது. கை நடுங்கினால், குப்பென்று வியர்த்தால், பசி பிடுங்கினால் உடனே நிறுத்தி, இறங்கி, சர்க்கரையை வாயில் போடுங்கள். உங்கள் பிரஷர் மாத்திரை அட்டினலால், மெட்டோப்ரோலால் வகையாக இருந்தால் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

நெஞ்சில் பாரம், தாடையிலோ தோளிலோ இறுக்கம், வழக்கத்தை மீறிய மூச்சிரைப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் அசதியும் வியர்வையுமாக வருவது உண்டு. "நேற்று வேலை அதிகம், அதான்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

முதல் வாரம் பத்து நிமிடம், சமதளமான ரோட்டில், உதவியை அதிகமாக வைத்து ஓட்டுங்கள். வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். அரைமணி நேரம் எட்டிய பிறகு உதவியை ஒவ்வொரு நிலையாகக் குறையுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான அளவு. வாரம் ஐந்து நாள் வந்தால் 150 நிமிடம் ஆகிறது, உலக சுகாதார நிறுவனம் கேட்கும் குறைந்தபட்ச அளவும் அதுதான். சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். மூட்டு அன்று இரவு வலித்து மறுநாள் காலையில் சரியாகிவிட்டால் பரவாயில்லை. மறுநாளும் வலித்தாலோ வீங்கினாலோ இரண்டு நாள் விட்டு, சீட் உயரத்தைச் சரிபாருங்கள்.

சைக்கிளால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. சீட் எடையைத் தாங்கிக்கொள்வதால் மூட்டுக்கு நன்மை என்றேன். அதே காரணத்தால் எலும்புக்கு அதிகம் பயன் இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி குறைந்துகொண்டே வரும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவதும், சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவதும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை செய்யுங்கள். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் முழங்காலுக்கு ஏற்றபடி சொல்லிக்கொடுப்பார்கள்.

ஓட்டத் தொடங்கிய ஒரு மாதத்தில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சர்க்கரை பார்த்து, அந்த ரிப்போர்ட்டோடு உங்கள் டாக்டரிடம் போங்கள். கிளிமிபிரைடின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம். நீங்களாகக் குறைக்க வேண்டாம். மூன்று மாதம் முடிந்ததும், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை பாருங்கள். அந்த எண்ணையும், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் எனக்கு எழுதுங்கள் அம்மா, காத்திருக்கிறேன்.