மூக்கைத் தூக்கிக் கவிழும் விமானம்: எடையைப் பாருங்க

தம்பி, எக்ஸ்-பிளேன் விமான சிமுலேட்டர்ல நீங்க செஞ்ச ஒற்றை இன்ஜின் விமானம் மதுரை ஓடுபாதை 27-ல் எழும்பின உடனே மூக்கைத் தூக்கிக் கவிழுதுன்னு எழுதியிருந்தீங்க. இன்ஜின் பலத்தைக் கூட்டாதீங்க. பின்பக்கம் எடை அதிகம், பெரும்பாலும் அதுதான் காரணம்.

அதுல விமானத்தை வடிவமைக்கிற பிளேன் மேக்கர்ல ஈர்ப்பு மையத்தை முன்னால தள்ளுங்க. இறக்கையோட சராசரி அகலத்துல முன்விளிம்பிலிருந்து 25 சதவீதம் நல்ல தொடக்கம். பேப்பர் ராக்கெட் மூக்குல குண்டூசி செருகினா நேராப் போகுமே, அதே கணக்குதான். இந்த சிமுலேட்டர் இறக்கையைத் துண்டு துண்டாப் பிரிச்சு விசையைக் கணக்கிடுது. அரை அடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். அப்பவும் அடங்கலைன்னா வால் இறக்கையைப் பெருசாக்குங்க, ஆனா ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும் மாத்துங்க.

எனக்கு நாலு ராத்திரி ஆச்சு. அஞ்சாவது நாள், வலப்பக்கம் திருப்பரங்குன்றம் தெரிய, ட்ரிம் போட்டு (கை வைக்காமலே மூக்கு நிலையா நிக்கற மாதிரி செட் பண்றது) கையை எடுத்தேன். ஆடாம அப்படியே மிதந்துச்சு.