தாய்லாந்தில் குடியேறும் முன் உங்கள் மனைவிக்கும் ஒரு கணக்கு

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். எனக்கு வயது 61, அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவிக்கு 57. பென்ஷன் 58,000 ரூபாய். நண்பர் ஒருவர் தாய்லாந்தின் சியாங் மாயில் குடியிருக்கிறார். போய்ப் பார்த்தோம், எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஓய்வு விசா வாங்கி அங்கேயே இருந்துவிடலாம் என்று எண்ணம். "டெபாசிட்டை நானே காட்டிக்கொள்கிறேன், 2 லட்சம் கொடுங்கள்" என்கிறார் ஒரு ஏஜென்ட். ஆறு மா நஞ்சையை விற்றுவிடலாமா? எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. அது சிக்கலாகுமா?

பதில்: ஐயா, அந்த ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஓய்வுக்காகத் தங்கும் அனுமதியை நீட்டிக்கக் கேட்பவர், அந்த நாட்டு வங்கியில் தன் பெயரில் 8,00,000 பாட் வைத்திருக்க வேண்டும். நம் பணத்தில் 20 லட்சத்துக்கு மேல். யார் பணத்தையோ உங்கள் கணக்கில் போட்டுக் காட்டி, முத்திரை விழுந்ததும் உருவிக்கொள்வதைத்தான் அவர் சொல்கிறார். பிடிபட்டால் நாட்டை விட்டு வெளியேற வேண்டியவர் நீங்கள். அவர் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார்.

மாதம் 65,000 பாட் வருமானம் காட்டவும் வழி உண்டு. உங்கள் பென்ஷன் அதில் பாதிகூட வராது, ஆகவே டெபாசிட்தான். அந்தப் பணம் விண்ணப்பத்துக்கு 2 மாதம் முன்பிருந்தே கணக்கில் கிடக்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்த பிறகும் 3 மாதம் தொடக்கூடாது. அப்புறமும் 4,00,000 பாட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. அடுத்த வருடம் விண்ணப்பிக்கும் முன் மறுபடி 8,00,000 ஆகியிருக்க வேண்டும். ஆகவே இதை ஆத்திர அவசரத்துக்கு உதவும் பணமாக நினைக்காதீர்கள். அதற்கென்று தனியாக ஒரு தொகை ஊர் வங்கியில் இருக்கட்டும். விண்ணப்பிக்கப் போகிற அன்று காலையிலேயே வங்கிக்குப் போய், ஒரு நூறு பாட் போட்டு, பாஸ்புக்கில் அன்றைய தேதியில் வரி விழ வைத்து, வங்கிக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். முந்தின நாள் பதிவு என்றால் திருப்பி அனுப்பும் அலுவலர்கள் உண்டு.

விசாவில் இரண்டு வழி. ஓ-ஏ விசாவை இங்கிருந்தே வாங்கலாம், இந்தியாவிலுள்ள பணத்தையே காட்டலாம். ஆனால் காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, அதோடு மருத்துவக் காப்பீடும் கட்டாயம். வயது ஏற ஏற பிரீமியம் ஏறும். ஓ விசா 90 நாளுக்குத் தருவார்கள். அங்கே போய் கணக்குத் தொடங்கி நீட்டிக்க வேண்டும், காப்பீடு கட்டாயமில்லை. உங்களுக்கு ஓ விசாதான் தோது. கட்டாயமில்லை என்பதற்காகக் காப்பீடு எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

நீட்டிப்பு கையில் வந்த பிறகும் வேலை இருக்கிறது. 90 நாளுக்கு ஒரு முறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். அதற்கான சின்னத் தாளைப் பாஸ்போர்ட்டிலேயே பின் அடித்துத் தருவார்கள். அடுத்த தேதி அதில் இருக்கும். பலர் கோட்டைவிடுவது மறுநுழைவு அனுமதியில். அது இல்லாமல் நாட்டை விட்டு வெளியே காலடி வைத்தால் உங்கள் நீட்டிப்பு அன்றோடு செத்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தடவைக்கு 1,000 பாட், பல தடவைக்கு 3,800 பாட். ஊரில் ஒரு சாவு என்று ராத்திரியில் போன் வந்தால் அப்போது அலுவலகம் தேடி அலைய முடியாது. நீட்டிப்பு வாங்குகிற அன்றே 3,800 கட்டி வாங்கிவிடுங்கள்.

இனி உங்கள் மனைவி விஷயம். கடிதத்தில் உங்களுக்குப் பிடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குப் பிடித்ததா என்று இல்லை. அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள், தலையாட்டியதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல்.

அவர் உங்களைச் சார்ந்தவராக நீட்டிப்பு வாங்கலாம், தனி டெபாசிட் வேண்டாம். அதற்குத் திருமணச் சான்று வேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பழைய கல்யாணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம், அதை இப்போதே முடியுங்கள். ஆனால் எனக்குக் கவலை வேறு. நாளைக்கு உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால், உங்களை நம்பி நிற்கும் அவருடைய அனுமதியும் போய்விடும். உங்கள் பெயரிலுள்ள 8,00,000 பாட்டை, சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும் வரை வங்கி தராது. பாஷை தெரியாத ஊரில், துக்கத்தோடு, கையில் காசில்லாமல், விசாவும் இல்லாமல் அந்த அம்மா நிற்பதை நினைத்துப் பாருங்கள். ஓய்வு அனுமதிக்கு வேண்டிய 50 வயதை அவரும் தாண்டிவிட்டதால், முடிந்தால் அவர் பெயரிலேயே தனி டெபாசிட் வைத்துத் தனி அனுமதி வாங்குங்கள். முடியாவிட்டால், ஆறு மாதச் செலவுக்கும் விமானச் சீட்டுக்கும் போதுமான பணம் அவர் கணக்கில் இருக்கட்டும். தாய்லாந்துச் சொத்துக்கு அங்கேயே ஒரு உயில் எழுதுங்கள். வங்கிக்குப் போகும்போதும் குடியேற்ற அலுவலகத்துக்குப் போகும்போதும் அவரையும் அழைத்துப் போங்கள், எந்தக் கவுண்டரில் என்ன கேட்பார்கள் என்று அவருக்கும் தெரியட்டும்.

பணம் அனுப்புவதில் ஒன்று: ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி பிடிக்கும். ரிட்டர்ன் போட்டால் கழித்துக்கொள்ளலாம், ஆனாலும் அதுவரை முடங்கும். மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று அனுப்பினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். பென்ஷனுக்கான வாழ்நாள் சான்றிதழை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் வாங்கிக் கருவூலத்துக்கு அனுப்பலாம்.

நஞ்சையை விற்க வேண்டாம் ஐயா. வெளிநாட்டில் குடியேறியவர் ஏற்கெனவே உள்ள விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் புதிதாக வாங்கச் சட்டம் விடாது. விற்ற பிறகு மறுபடி நிலம் வேண்டும் என்று தோன்றினாலும், அங்கே இருந்தபடி ஒரு மா கூட வாங்க முடியாது. குத்தகைக்கு விடுங்கள், எழுத்தில்.

டெபாசிட்டுக்கு வேறு பணம் இல்லையென்றால், இந்தத் திட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். மலேசியாவையும் யோசிப்பீர்கள்; அங்கே நீண்ட காலம் தங்கும் விசாத் திட்டத்தில் சில்வர் என்ற பிரிவுக்கு 1,50,000 டாலர் வைப்பு, வீடும் வாங்க வேண்டும், அது நமக்கு எட்டாது. பணம் இருந்தாலும் முதலில் வாடகைக்கு ஒரு மாதம் இருந்து பாருங்கள், அதுவும் மார்ச்சில். சியாங் மாயைச் சுற்றிக் காட்டையும் வயலையும் கொளுத்தும் காலம் அது, ஊரே புகையில் மூழ்கிக் கிடக்கும். அதற்குப் பிறகும் இருவருக்கும் ஊர் பிடித்திருந்தால், மறுபடி எழுதுங்கள். விண்ணப்பத் தாள்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.