பேப்பர் இல்லாத நாய் போட்டியில் ஓடலாமா?

கேள்வி: நாங்கள் காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் இருக்கிறோம். எங்கள் வீட்டு நாய் சிப்பிப்பாறைக்கும் லாப்ரடாருக்கும் பிறந்த கிராஸ். பதினொரு மாதம் ஆகிறது. தடை தாண்டி ஓடும் போட்டிகளை யூடியூபில் பார்த்த என் மகள், வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) ஸ்டூல்களை வரிசையாக வைத்து அதைத் தாண்டப் பழக்குகிறாள். நாய்க் கண்காட்சி ஒன்றுக்குக் கூட்டிப்போனபோது, பேப்பர், அதாவது இனப் பதிவுச் சான்றிதழ், இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிராஸ் நாய்க்கு எங்குமே இடமில்லையா?

பதில்: இடம் உண்டு. நீங்கள் போனது கண்காட்சி. அங்கே நடுவர், ஒவ்வொரு இனத்துக்கும் எழுதிவைத்திருக்கும் இலக்கணத்தோடு நாயை ஒப்பிட்டுப் பார்ப்பார். இனம் கலந்த நாயை எதோடு ஒப்பிடுவது? அதனால் அங்கே பேப்பர் கேட்பதில் தப்பில்லை. உங்கள் மகள் ஆசைப்படுவது அஜிலிட்டி என்கிற விளையாட்டு. அதில் நாய் எத்தனை நொடியில் ஓடி முடித்தது, எத்தனை பிழை செய்தது, இவ்வளவுதான் கணக்கு.

அமெரிக்காவில் நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப், கலப்பின நாய்களை 2010 முதல் அஜிலிட்டி, ஒபீடியன்ஸ் (சொன்னபடி கேட்கும் போட்டி), ராலி (அட்டையில் உள்ள கட்டளைகளைப் படிப்படியாகச் செய்யும் போட்டி) ஆகியவற்றில் சேர்த்துக்கொள்கிறது. 2024இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சியின் அஜிலிட்டி போட்டியில் ஒட்டுமொத்தமாக முதலிடம் பிடித்தது நிம்பிள் என்ற நாய். அது பார்டர் கோலி என்ற ஆட்டு மந்தைக் காவல் இனமும் பாப்பில்லான் என்ற குட்டி இனமும் கலந்த கிராஸ். அந்தப் பட்டத்தை வென்ற முதல் கலப்பின நாயும் அதுதான். இங்கிலாந்தில் கிரஃப்ட்ஸ் என்ற பெரிய நாய்க் கண்காட்சியின் அஜிலிட்டியிலும் கிராஸ் நாய்கள் ஓடுகின்றன. ஃப்ளைபால் என்று ஓர் அஞ்சல் ஓட்டம் இருக்கிறது, நான்கு நாய்கள் ஓர் அணி. அதற்காகவே பார்டர் கோலியை வேறு இனங்களோடு சேர்த்துக் குட்டி எடுப்பவர்கள் உண்டு. விளையாட்டில் கிராஸ் என்பது குறையே இல்லை.

சரி, உங்கள் நாய்க்கு வருவோம். முதல் வேலையாக அந்த ஸ்டூல்களை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள். பதினொரு மாதத்தில் இந்த அளவு நாய்க்கு எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் முழுதாக மூடியிருக்காது. பெரிய நாய்களுக்கு ஒன்றேகால், ஒன்றரை வயதுகூட ஆகும். அதற்குள் உயரம் தாண்டவிட்டால், இறங்கும்போது பாரம் முழுக்க முன்னங்காலில் விழும். தட்டு அடிபட்டால் கால் கோணிவிடும். அமெரிக்கன் கென்னல் கிளப்பே அஜிலிட்டியில் 15 மாதம் ஆகாத நாயைச் சேர்ப்பதில்லை. இப்போதைக்குக் கம்பைத் தரையிலேயே போட்டு நடந்து கடக்கப் பழக்கினால் போதும்.

இரண்டாவது, வளவு. உங்கள் வீட்டிலும் ஆத்தங்குடிக் கல் பதித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி ஆன தரை. நாய் வேகமாக வந்து சட்டென்று திரும்பும்போது அதன் பின்னங்காலைக் கவனியுங்கள். நகம் எங்கும் பிடிக்காமல் பாதம் வெளியே வழுக்கும், முட்டி உள்பக்கம் மடங்கும். முட்டி ஜவ்வு கிழிவது இப்படித்தான். லாப்ரடார் ரத்தம் உள்ள நாய்க்கு இந்த ஆபத்து கூடுதல். கிழிந்தால் ஆபரேஷன், மாதக்கணக்கில் ஓய்வு. வளவில் உட்கார், இரு, வா மட்டும் பழக்குங்கள். ஓட்டமெல்லாம் வெளியே செம்மண் தரையில்தான். ஆனால் நம் பக்கத்துப் பொட்டலில் சீமைக்கருவேல முள் கிடக்கும், தினமும் பெருக்கிவிட்டுத்தான் நாயை இறக்க வேண்டும். ஓட்டம் முடிந்ததும் விரலிடுக்குகளைப் பார்த்துவிடுங்கள்.

சாமான்களுக்குப் பெரிய செலவில்லை. பிளம்பர் வாங்கும் பிவிசி பைப்பே போதும். ஒரே ஒரு விஷயம்: தாண்டும் கம்பைக் கட்டிவைக்கக் கூடாது. கால் பட்டதும் கழன்று விழும்படி கொக்கி மேல் சும்மா வைத்திருக்க வேண்டும். நாய் ஊடே புகுந்து வளைந்து வளைந்து ஓட வரிசையாக நடும் கம்புகளுக்கு இடையே 60 செ.மீ. விடுங்கள். இதை முழு வேகத்தில் ஓடவிடுவதும் எலும்பு முற்றிய பிறகுதான்.

சிப்பிப்பாறை கலப்பில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அது கண்ணால் பார்த்துத் துரத்தப் பிறந்த நாய். தூரத்தில் ஒன்று அசைந்தால் போதும், நீங்கள் கூப்பிடுவது காதிலேயே ஏறாது. அதனால் 'வா' என்றால் திரும்பி வருகிற பழக்கம் உறுதிப்படும்வரை வேலியடைத்த இடத்தில் மட்டும் அவிழ்த்துவிடுங்கள். நூலில் கட்டிய பிளாஸ்டிக் பையை இழுத்து ஓடவிட்டுப் பழக்கலாம். வெளிநாட்டில் 'லூர் கோர்சிங்' என்று இதையே மோட்டார் வைத்து விளையாட்டாக நடத்துகிறார்கள், கிராஸ் நாய்களுக்கும் அதில் இடமுண்டு. முயல் விட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். முயல் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அந்த உயிருக்கும் கொடுமை.

வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விடிந்ததும் பழக்கி, ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள், உங்களால் வைத்திருக்க முடியாத சூடு அதன் பாதத்துக்கும் ஆகாது. நாக்கு அகலமாகத் தொங்கி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரச்சாக்கால் போர்த்த வேண்டாம், சூடு உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் நேரே மருத்துவரிடம்.

ஒன்றரை வயதானதும் இடுப்பையும் முட்டியையும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் போட்டி தேடலாம். நம் நாட்டில் இது நடத்துபவரைப் பொறுத்த விஷயம். பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: பதிவில்லாத கிராஸ் நாயைச் சேர்ப்பீர்களா, பரிசுக்கும் தகுதி உண்டா, எந்த உயரப் பிரிவு, சிறுமி நாயை ஓட்டலாமா, மைக்ரோசிப் வேண்டுமா. பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். உயரம் என்பது தரையிலிருந்து தோள்பட்டை உச்சிவரை. தலைவரை அளந்து சொல்லிவிடாதீர்கள். வெறிநாய்க்கடி தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும்.

"லாப்ரடார் என்றே பேப்பர் போட்டுத் தருகிறேன்" என்று தரகர் யாராவது வருவார். வேண்டவே வேண்டாம். உங்கள் மகள் ஜெயிக்கும் கோப்பையில் அவள் நாயின் உண்மையான அடையாளம் இருக்கட்டும். விண்ணப்பத்தில் 'கலப்பினம்' என்றே எழுதுங்கள்.